கீழே இறங்காத கண்கள்

வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுதுவிட்டு வந்து என் கணவர் பாயில் சாப்பிட உட்கார்ந்தார். தட்டின் எதிர்ப்பக்கத்தில் இருந்த சோற்றை மட்டும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். தன் பக்கம் இருந்த சோறும் மீன் துண்டும் வைத்தபடியே இருந்தன.

"இன்னைக்கு மீன் இல்லையா?" என்று கேட்டார்.

நான் விரலால் தட்டைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பார்க்கவில்லை. தட்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இங்கனயா இருந்துச்சு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் வீட்டிலும் இப்படி ஒரு தட்டு பாதி மிச்சமாகியிருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு அன்று சொல்ல ஆள் இல்லை.

அவர் பெயர் சாகுல் அமீது. எங்கள் ஊர் மேலப்பாளையம். கல்யாணமான பிறகு பல வருடங்கள் அவர் சவுதியில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஊருக்குத் திரும்பியதும் குழாய், வாளி, தண்ணீர்த்தொட்டி விற்கும் கடை ஒன்றை வைத்தார். நான் ஒரு பெண்கள் பள்ளியில் எழுத்தராக இருந்தேன். ஒரே மகள் பர்வீன். அவளைத் திசையன்விளையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவர் எங்களோடு முழுதாக வாழத் தொடங்கியதே ஐம்பது வயதுக்குப் பிறகுதான். அதனால் அந்த வாழ்க்கை எனக்குப் புதுசாகவே இருந்தது.

தட்டுக்குப் பிறகு கண்ணாடி. எழுத்து தெரியவில்லை என்று புதுக் கண்ணாடி போட்டார். ஒரு மாதத்தில் அதுவும் சரியில்லை என்றார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, பார்வையில் குறை எதுவும் இல்லை என்றார். ஆனால் கடையில் மேசைமேல் வைத்த பில்லை அவரால் வாசிக்க முடியவில்லை. அதையே தூக்கிப் பிடித்தால் கடகடவென்று வாசித்தார்.

ஒருநாள் பக்கத்துக் கடைக்காரர் காதர் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஏம்மா, சாகுலுக்கு என் மேல ஏதும் வருத்தமா? நேருக்கு நேர் சலாம் சொல்லுதேன். எங்கனயோ பாத்துக்கிட்டு போவுதான்."

"அப்படியெல்லாம் இருக்காது அண்ணாச்சி."

"கடைத்தெருவுல எல்லாரும் சொல்லுதாங்க. இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் இவனுக்கு வெளிநாட்டுப் பெருமை வந்திருக்காம்."

என் கணவரிடம் கேட்டேன். "நான் பாக்கலியே. பாத்தா பேசமாட்டேனா?" என்றார். அவர் முகமும் மாறிக்கொண்டு வந்தது. இமைப்பது குறைந்துவிட்டது. எதையோ கண்டு திடுக்கிட்டவர் போல நெற்றி சுருங்கியே இருந்தது. வீட்டில் பேச்சும் குறைந்தது. ஏதாவது கேட்டால் பதில் வெகுநேரம் கழித்து வரும்.

பிறகு விழ ஆரம்பித்தார். தடுக்கி விழுகிறவர்கள் முன்பக்கம் விழுவார்கள், கையை ஊன்றுவார்கள். இவர் பின்பக்கமாகச் சாய்ந்தார். கை நீளவே இல்லை. கடை வாசலில் விழுந்து பின்மண்டையில் தையல் போட வேண்டியிருந்தது.

கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் பட்டை போட்டார். பார்க்கின்சன் (உடல் இறுகி அசைவு குறையும் நரம்பு நோய்) என்று இன்னொருவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை கேட்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்த நோய் ஆரம்பத்தில் வேறு நோய்களைப் போலவே இருக்குமாம். கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண்.

டாக்டர் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு விரலை நீட்டினார். "தலையை அசைக்காம, கண்ணால மட்டும் பாருங்க."

விரல் இடமும் வலமும் போனது. கண்கள் சோம்பலாகப் பின்தொடர்ந்தன. விரல் மேலே போனது. கண்கள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டன. விரல் கீழே இறங்கியது. கண்கள் இறங்கவே இல்லை. நெற்றி மட்டும் இன்னும் சுருங்கியது.

"பாக்குதேன் டாக்டர்" என்றார். பார்ப்பதாகத்தான் அவரும் நம்பியிருந்தார்.

டாக்டர் எழுந்து அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார். "என் மூக்கையே பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லி, இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் சாய்த்தார். தலை சாயச் சாய, கருவிழிகள் இறங்கின. கீழிமையைத் தொடும் வரை இறங்கின.

"இறங்குதே டாக்டர்! கண்ணு கீழ போவுதே!" என்று நான் எழுந்தே விட்டேன். ஏதோ அடைப்பைத் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. தலையைப் பழையபடி நிமிர்த்தினார். கண்கள் நடுவில் வந்து நின்றன. மறுபடியும் விரலைக் கீழே கொண்டுபோனார். கண்கள் அசையவில்லை.

"இதைத்தாம்மா பாக்க நெனச்சேன்" என்றார்.

பிறகு என்னை ஒரு சின்னக் காரியம் செய்யச் சொன்னார். நீங்களும் செய்து பாருங்கள். உள்ளங்கையை முகத்துக்கு நேரே வைத்துக் கையை வேகமாக ஆட்டினேன். ரேகைகள் கலங்கின. அப்புறம் கையை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டினேன். ரேகைகள் தெளிவாகவே இருந்தன.

காதுக்குள் தலையின் அசைவை அளக்கிற சின்னஞ்சிறு குழல்கள் இருக்கின்றனவாம். தலை ஒரு பக்கம் போனால், அவை மூளைத்தண்டுக்கு (மூளையின் அடியில், பிடரிக்கு உள்ளே தண்டு போல இறங்கும் பகுதி) சேதி சொல்லும். மூளைத்தண்டு உடனே கண்ணை அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்த்தும். அதனால்தான் நடந்துகொண்டே கடைப்பலகையைப் படிக்க முடிகிறது. ஒரு பொருளைத் திரும்பிப் பார்க்கும்போதும் அப்படித்தான். கண் முதலில் தாவிவிடும். தலை பின்னால் வரும். தலை வந்து சேரச் சேர, கண் தன் இடத்துக்குத் திரும்பும். குரங்குகளுக்கும் நமக்கும் இந்த ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான் என்றும், குரங்குகளைப் பார்த்துத்தான் இதில் பலவற்றை அறிந்துகொண்டார்கள் என்றும் சொன்னார்.

"இவர் கண்ணும் நல்லா இருக்கு, கண்ணை அசைக்கிற நரம்பும் நல்லா இருக்கு. நான் தலையை அசைச்சா, காது சொல்றதைக் கேட்டு கண்ணு இறங்குது. ஆனா அவரா கீழ பாக்கணும்னு நெனச்சா, அந்த உத்தரவு போய்ச் சேரலை."

ஸ்கேன் படத்தில் மூளைத்தண்டின் மேல்பகுதி மெலிந்து, தேன்சிட்டின் தலையும் அலகும் போலத் தெரிந்தது. டாக்டர் பென்சிலால் அதன்மேல் கோடு இழுத்துக் காட்டினார். நோயின் பெயர் புரோகிரஸிவ் சூப்ராநியூக்ளியர் பால்ஸி (கண் நரம்பு மையங்களுக்கு மேலே உள்ள பகுதிகள் படிப்படியாகச் செயலிழப்பது). சுருக்கமாக பி.எஸ்.பி. நடை, சமநிலை, பேச்சு, விழுங்குவது எல்லாவற்றையும் அது ஒவ்வொன்றாகத் தொடும்.

"மருந்து டாக்டர்?"

"விழாம பாத்துக்கலாம். புரையேறாம பாத்துக்கலாம். நோயை நிறுத்துற மருந்து இன்னைக்கு இல்லம்மா."

திரும்பும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஆட்டோ நின்றது. அவர் நேரே பார்த்தபடி இருந்தார்.

"கிரேன்ல மேல உக்காந்து, கீழ பாத்தே பொழச்சவன் நான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைய காதர்ட்ட குடுத்துருவோம்" என்றார். ரயில் போய் கேட் திறந்தது.

அன்று சாயங்காலமே காதர் அண்ணாச்சியை வரச்சொல்லி விவரத்தைச் சொன்னேன். அவர் என் கணவரின் முகத்துக்கு நேரே வந்து, முழங்காலை மடக்கிக் கண்மட்டத்துக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் வே, சாகுல்" என்றார். பதில் வர நேரமானது. அது வரும் வரை அவர் அப்படியே நின்றார்.

இதற்குப் பின் நான் கற்றதெல்லாம் ஒன்றுதான். எதையும் அவர் கண்ணுக்குக் கீழே வைக்கக் கூடாது. சாப்பாட்டைப் பாயிலிருந்து மேசைக்கு மாற்றினேன். மேசைமேல் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் தட்டு. படிகளின் ஓரங்களில் வண்ணம் அடித்தேன். அது வீண். அவர் படியைப் பார்க்கவே முடியாதபோது வண்ணம் எதற்கு? கைப்பிடிதான் உதவியது. தரையில் கிடந்த மிதியடி, வாளி, வயர் எல்லாவற்றையும் அகற்றினேன். பேச வேண்டுமென்றால் அவர் பார்வை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்று பேசினேன்.

என் பெயர் பாத்திமா. வீட்டில் பாத்து. அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் நான் "பாத்து, பாத்து" என்று பதறுவேன். "ஒம் பேர நீயே ஏன்ட்டி கூப்புடுத?" என்று ஒருநாள் கேட்டார். வார்த்தை குழறியது. ஆனாலும் அது பழைய சாகுலின் கேலி. அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

தொழுகைதான் அவரை அதிகம் வருத்தியது. தொழும்போது நெற்றி படும் இடத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் பார்வை எதிர்ச்சுவரை விட்டு இறங்கவில்லை. கழுத்தும் விறைத்துவிட்டதால் குனிந்து சரிசெய்யவும் வழியில்லை. இமாம் வீட்டுக்கு வந்து, "முடிஞ்ச மட்டும் செய்யுங்க. மிச்சத்த அல்லாஹ் ஏத்துக்கிடுவான்" என்றார். என் கணவர் சரி என்றார். இமாம் போனதும் என்னிடம், "சொவரப் பாத்துத் தொழுதா நெஞ்சு நெறயலியே" என்றார்.

பர்வீன் கைக்குழந்தையோடு வந்திருந்த நாட்களில்தான் அது நடந்தது. பேத்தி தவழ ஆரம்பித்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் என்னைக் கூப்பிடாமல் தானாக நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார். குழந்தை காலடியில் இருந்திருக்கிறாள். அவள் கையை மிதித்துவிட்டார்.

அலறல் கேட்டு ஓடினேன். அவர் சுவரைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கன? எங்கன இருக்கா? பாத்து, புள்ள எங்கன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தை அவர் காலடியிலேயே கிடந்து கத்தினாள். பர்வீன் வந்து அவளை வாரியெடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தினாள்.

குழந்தையின் கை இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அவர் சரியாகவில்லை. நாற்காலியை விட்டு எழ மறுத்தார். கழிப்பறைக்குக்கூட நான் தரையைத் துழாவிப் பார்த்து, "யாரும் இல்ல மச்சான்" என்று சொன்ன பிறகே கால் வைப்பார்.

பர்வீனை அழைத்துப் போக வந்த மருமகன் அசன்தான் வழி கண்டான். அதிகம் பேசாத பையன். குழந்தையைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்தான். இடுப்பைத் தன் கையால் பிடித்துக்கொண்டான். "மாமா, நேரா பாருங்க."

குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் முகம் மலர முடியாத முகமாகிவிட்டிருந்தது. ஆனால் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பர்வீன் வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "வாப்பா, நான் கதவ சாத்திருக்கக் கூடாது" என்றாள்.

மறுவாரம் அசன் கார் எடுத்து வந்தான். எல்லோருமாக மணிமுத்தாறு போனோம். அணைக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர்மேல் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. பர்வீன் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு பெண்குரங்கு பார்த்தது. முதலில் கண் மட்டும் இந்தப் பக்கம் பாய்ந்தது. பிறகுதான் தலை திரும்பியது. குட்டி கீழே நழுவ, தலையைக்கூட அசைக்காமல் கண்ணை இறக்கி அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் பழத்துக்கு வந்தது. எவ்வளவு லேசாக! நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பர்வீன் "உம்மா, என்ன?" என்று தோளைத் தொட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

திரும்பும்போது கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு படித்துறையில் இறங்கினோம். மேல்படியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். அவர் எதிர்க்கரைத் தென்னைகளையும் மலையையும் பார்த்தார்.

"ஆறு எங்கன?"

"காலுக்குக் கீழதான் மாமா. சத்தம் கேக்குதுல்லா?" என்றான் அசன்.

அசன் கொஞ்ச நேரம் அவரையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். "மாமி, மாமாவ தண்ணிக்குள்ள இறக்கிருவோம்."

நான் வேண்டாம் என்றேன். பர்வீனும் பயந்தாள். ஆனால் அவர் கையை நீட்டிவிட்டார். குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். ஒவ்வொரு படியாகத் தாங்கி இறக்கி, தண்ணீருக்குள் இருந்த படியில் உட்கார வைத்தார்கள். அசன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அவர் மார்பைக் கட்டிக்கொண்டான். கழுத்து வரை தண்ணீர். இப்போது ஆறு அவர் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வளைவு வரை, முழுவதுமாகப் பரந்து கிடந்தது.

வெகுநேரம் அசையாமல் இருந்தார். நான் பக்கத்துப் படியில் சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன்.

"பாத்து" என்றார். காத்திருந்தேன். "நெறைய இருக்கு."

அதுதான் அவர் எங்களோடு வெளியே வந்த கடைசி நாள்.

பிறகு நோய் தொண்டைக்கு வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறும். கஞ்சியைக் கெட்டியாக்கி, சிறு கரண்டியால், ஒவ்வொரு வாய்க்கும் நடுவே அவர் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்து ஊட்டினேன். ஒரு வேளைச் சாப்பாடு அடுத்த வேளை வரை நீளும். இமைகள் தாமாக மூடிக்கொள்ளும். திறக்க நினைத்தாலும் திறக்க முடியாது. புருவத்தை நான் பைய வருடினால் சில நேரம் திறப்பார். பேச்சு நின்றது. கையை அழுத்துவது 'சரி'. விரல்களை விரிப்பது 'வேண்டாம்'.

நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தபோது, வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியாக உணவு செலுத்தலாம் என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் கூடலாம், புரையேறுவது முழுதாக நிற்காது என்றும் மறைக்காமல் சொன்னார். முடிவை அவரிடமே கேட்போம் என்றேன். டாக்டர் அவர் காதருகே குனிந்து நிதானமாக விளக்கினார். அவர் கை என் கைக்குள் இருந்தது.

நாங்கள் காத்திருந்தோம். தூங்கிவிட்டாரோ என்று நர்ஸ் நினைத்தார். அப்போது விரல்கள் விரிந்தன. ஒவ்வொன்றாக, முழுவதும்.

"வாப்பாக்கு வெளங்கலை. இன்னொரு வாட்டி கேளுங்க" என்றாள் பர்வீன். டாக்டர் இன்னொரு முறை கேட்டார். விரல்கள் விரிந்தே இருந்தன.

"பட்டினி போட்டா கொல்லப் போறிய உம்மா?" என்று தாழ்வாரத்தில் அவள் என்னைக் கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். "அவருக்கு வெளங்குச்சும்மா. வெளங்காதது நமக்குத்தான்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த விரல்களைப் படித்தது சரிதானா என்று இன்றும் சில நாள் சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வரும். அது அன்பின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். பர்வீன் திசையன்விளைக்குப் போகாமல் எங்களோடே தங்கினாள். கடைசி நாட்களில் அவள்தான் கஞ்சி ஊட்டினாள். ஒரு முற்பகலில், அவள் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கையில், மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை. காதர் அண்ணாச்சி வந்து இமைகளைத் தடவி மூடினார்.

இத்தா (கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம்) முடியும் வரை நான் வெளியே போகவில்லை. செய்வதற்கு வேலையே இல்லாமல் பகல் கிடந்தது. ஒரு கரண்டிக்கும் இன்னொரு கரண்டிக்கும் நடுவே காத்திருந்த அந்த நேரம்தான் என் உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. யார் வந்து பேசினாலும் அவர்கள் எல்லாம் அவசரப்படுவதாகத் தோன்றியது. நானும் என்னை அறியாமல் எல்லோர் முகத்துக்கும் நேரே போய் நின்று பேசினேன். சிலர் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

அதற்குப் பின் முதல் முறையாகப் பேத்தியைப் பார்க்கத் திசையன்விளைக்குப் பேருந்து ஏறினேன். எனக்கு அருகே ஜன்னலோரத்தில் ஒரு பெண் இருந்தாள். வெளியே செம்மண்ணும் பனைகளும் காற்றாலைகளும். அவள் கண்கள் ஒரு பனையைப் பற்றி, அதோடு சிறிது தூரம் வழுக்கிப் போய், அதை விட்டுவிட்டு அடுத்த பனைக்குத் தாவின. மறுபடியும். மறுபடியும். அவள் அதை அறியவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க, திசையன்விளைக்கா? தனியாவா போறிய?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது எங்கோ ஆழத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, மறுபடியும் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா, தனியாத்தான்" என்று நான் சொன்னபோது பேருந்து அடுத்த ஊருக்குள் நுழைந்துவிட்டிருந்தது.